பச்சை, வெள்ளை அஸ்பாரகஸ்: வேதி வேறுபாடுகள்

பச்சை அஸ்பாரகஸ், வெள்ளை அஸ்பாரகஸ் இரண்டுமே 'அஸ்பாரகஸ் அஃபிசினாலிஸ்' என்ற ஒரே இனத்தின் இளந்தண்டுகள். நம்மூர்த் தண்ணீர்விட்டான் கிழங்குச் செடியும் இதே பேரினம்தான். ஜெர்மனியின் பீலிட்ஸ், ஷ்வெட்சிங்கன், ஸ்பெயினின் நவார்ரா ஆகிய இடங்களில் பாத்தியின் மேல் மண்ணை அணைத்து உயர்த்தி, தண்டு வெளிச்சம் காணும் முன்பே மண்ணுக்குள் கத்தியை விட்டு வெட்டி எடுக்கிறார்கள். இதுவே வெள்ளை அஸ்பாரகஸ். மண் அணைக்காமல் வெயிலில் வளரவிட்டால் பச்சை.

பச்சையம் உருவாகும் வழியில் புரோட்டோகுளோரோஃபிலைடு என்ற முன்பொருள் குளோரோஃபிலைடாக மாறும் கட்டம் ஒன்று உண்டு. அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி ஒளி பட்டால்தான் வேலை செய்யும். இருட்டில் தயாரிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. அறுவடை தாமதித்து முனை மட்டும் வெளியே தலைகாட்டினால் ஆந்தோசயனின் சேர்ந்து ஊதாவாகும்; இன்னும் விட்டால் பச்சையாகும்.

நிறத்தைவிடப் பெரிய வேறுபாடு ரூட்டின் என்ற ஃபிளேவனாய்டில் இருக்கிறது. பச்சைத் தண்டில், அதிலும் முனையில், இது நிறைய உண்டு. வெள்ளையில் ஏறக்குறைய இல்லை. தகர டப்பாவில் அடைத்த பச்சை அஸ்பாரகஸைத் திறந்து வைத்தால் சிறிது நேரத்தில் கருக்கத் தொடங்குவதற்கும் ரூட்டினே காரணம். டப்பா மூடியிருக்கும்வரை, அதிலிருந்து கரைந்த வெள்ளீயம் இரும்பை ஆக்சிஜனேற்றம் அடையவிடாமல் காக்கிறது. காற்றுப் பட்டதும் ஃபெர்ரிக் நிலைக்கு மாறும் இரும்பு, ரூட்டினோடு இணைந்து கருநிறக் கூட்டுப்பொருளாகிறது. வைட்டமின் சி, லூட்டீன், பீட்டா கரோட்டின் ஆகியவையும் பச்சையிலேயே கூடுதல்.

சத்துக் கணக்கில் பச்சை முந்துவது உண்மைதான். ஆனாலும் வெள்ளையை வெறும் நிறமிழந்த பச்சை என்று ஒதுக்குவது சரியல்ல. அதன் சுவைக்குத் தனி வேதியியல் உண்டு. வெள்ளையின் மெல்லிய கசப்பு பெரும்பாலும் ஃபியூரோஸ்டனால் வகைச் சப்போனின்களால் வருவது. ஜெர்மானியர் வேகவைக்கும் தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுவது இதைத் தணிக்கத்தான். வெள்ளையின் தோலை நெடுகச் சீவாவிட்டால் நார் பல்லில் சிக்கும். வெட்டிய பிறகும் தண்டில் நாரைக் கடினமாக்கும் லிக்னின் சேர்ந்துகொண்டே போவதால், நாள்பட்ட வெள்ளை இன்னும் மோசம். பச்சைக்கு அடிப்பகுதியைச் சீவினால் போதும்.

பிரெஞ்சு வேதியியலர்களான வோக்லனும் ரோபிக்கேவும் 1806-இல் பாரிசில் இச்செடியின் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலம் இரண்டு வகையிலும் உண்டு. கந்தகம் கொண்ட அஸ்பாரகூசிக் அமிலமும் அப்படியே. உண்டபின் சிறுநீரில் மெத்தேன்தையால் போன்ற நாற்றப் பொருள்கள் தோன்றுவது இந்த அமிலத்தால்தான். முகர்வு ஏற்பிகளின் மரபணு வேறுபாட்டால் சிலருக்கு அந்த நாற்றமே தெரிவதில்லை.