வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தானே?

ஆபீஸ்ல புதுசா சேர்ற பசங்களுக்கு சீனியர்கள் சொல்ற முதல் வசனம் இது: "அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான்ப்பா, நோட்பேட்ல திறந்து பாரு." பொட்டி தட்டற எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க. அந்த "வெறும்" என்கிற வார்த்தைக்கு ஒரு வரலாறு இருக்கு. தமிழ்ல அது கொஞ்சம் சோகமான வரலாறு.

மென்பொருள் தன்னோட செட்டிங்ஸை எங்கேயாவது எழுதி வைக்கணும். 1970களில் யூனிக்ஸ் எழுதினவங்க அதை மனுஷன் படிக்கிற மாதிரியே எழுதி வைச்சாங்க. பயனர்கள் பட்டியல்னா ஆளுக்கு ஒரு வரி, நடுவுல கோலன் போட்டுப் பிரிச்சது, அவ்வளவுதான். தனியா ஒரு கருவி வேண்டாம், எந்த எடிட்டர்லயும் திறக்கலாம். 1983ல் வந்த டாஸ் 2.0ல் கான்ஃபிக்.சிஸ், 1985ல் விண்டோஸோட வின்.ஐஎன்ஐ, எல்லாம் இதே ஜாதி. சதுர அடைப்புக்குள்ள ஒரு தலைப்பு, அதுக்குக் கீழே "பெயர்=மதிப்பு"ன்னு வரிகள், அரைப்புள்ளியில ஆரம்பிச்சா அது குறிப்பு, கணினி அதைக் கண்டுக்காது. விண்டோஸ் 95 வந்தப்போ மைக்ரோசாஃப்ட் இதையெல்லாம் ரெஜிஸ்ட்ரி என்கிற பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிடுச்சு. என்னைக் கேட்டா அது பின்னடைவுதான். லினக்ஸ்காரங்க இன்னிக்கு வரைக்கும் டெக்ஸ்ட்டை விடல.

சரி, இதுல தமிழ் எங்கே வருது? 1963ல் வந்த ஆஸ்கி பட்டியல்ல மொத்தம் 128 இடம், எல்லாமே ஆங்கில எழுத்து, எண், குறிகளுக்குப் போயிடுச்சு. ஒரு பைட்ல 256 இடம் உண்டு. மிச்சம் இருந்த 128ல் தமிழைத் திணிக்கணும். ஆளாளுக்கு ஒரு மாதிரி திணிச்சாங்க. ஒரு ஃபான்ட்ல "க" இருக்கிற இடத்துல இன்னொரு ஃபான்ட்ல "ழு" இருக்கும். இணையத்துல இருந்தவங்க கூடிப் பேசி டிஸ்கி கொண்டு வந்தாங்க. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப்னு ரெண்டு குறிமுறைகளை அறிவிச்சது. (தமிழ்99 விசைப்பலகையும் அப்போ வந்ததுதான்.) ஆங்கிலமும் தமிழும் கலந்து அடிக்கிறவங்களுக்கு டாப்.

இதுல பெரிய ஓட்டை என்னன்னா, நான் எந்தக் குறிமுறைன்னு டெக்ஸ்ட் ஃபைல் தன் மேல எழுதி வைக்காது. உள்ளே இருக்கிறது வெறும் எண்கள். அதை எந்தப் பட்டியலை வச்சுப் படிக்கணும்னு அடிச்சவருக்குத்தான் தெரியும்.

அடி அண்ணாமலையில, கிரிவலப் பாதையிலேயே, எங்க மாமா ஒரு டிடிபி கடை வச்சிருந்தார். பௌர்ணமி அன்னதானத்துக்குப் பணம் குடுக்கிறவங்க பட்டியலை 2001லேர்ந்து விண்டோஸ் 98 பொட்டியில ஏத்திக்கிட்டு வந்தார். ரசீது அடிக்க யாரோ எழுதிக் குடுத்த சின்ன புரோகிராம். அது வருஷத்துக்கு ஒரு ஐஎன்ஐ ஃபைல் வச்சிருந்தது. மாசம்தான் தலைப்பு, கீழே "பெயர்=தொகை". போன வருஷம் அதை என் லேப்டாப்ல திறந்தா தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் கொம்பும் புள்ளியும் வச்ச ஐரோப்பிய எழுத்துங்க. "வைரஸ்டா மாப்ள, எல்லாம் போச்சு"ன்னுட்டார் மாமா.

ஒண்ணும் போகல. அந்த புரோகிராமோட செட்டிங்ஸ் ஃபைல்ல ஃபான்ட் பேருக்குன்னு ஒரு வரி இருந்தது, அந்தப் பேர் "டாப்"னு ஆரம்பிச்சது. அது ஆங்கிலத்துல இருந்ததால எந்தக் காலத்திலயும் படிக்க முடியுது பாருங்க. குறிமுறை தெரிஞ்சதும் மாத்திக்கறது அரை மணி நேர வேலை. இறந்துபோன தாத்தாக்கள் பேரெல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு.

2003 மட்டும் வரல. அதை 2012ல் யாரோ ஒரு பையன் நல்ல எண்ணத்துல யூனிகோடுக்கு மாத்தி, அதே ஃபைல்ல ஒட்டி, நோட்பேட்ல சேவ் பண்ணியிருக்கான். அன்னிக்கு நோட்பேடோட வழக்கமான குறிமுறை ஆன்சி. யூனிகோடு எழுத்துகள் தொலைஞ்சு போகும்னு அது ஒரு எச்சரிக்கை காட்டும், நாமெல்லாம் படிக்காமலே ஓகே அமுக்குவோம். விளைவு:

??????=501
??????=1001

பூச்சி பூச்சியாத் தெரியறது வேற, கேள்விக்குறி வேற. முன்னதுல பைட்டுகள் அப்படியே இருக்கு, படிக்கிற பட்டியல்தான் தப்பு. பின்னதுல ஒவ்வொரு எழுத்தும் நிஜமாவே கேள்விக்குறியா, அதாவது 63ங்கிற எண்ணா மாறிடுச்சு. திரும்ப வராது. தொகைகள் ஆஸ்கி என்பதால தப்பிச்சுது. பேருக்கு மிச்சம் இருக்கிறது நீளம் மட்டும்தான். யூனிகோடு கணக்குல சரவணனும் ஆறு குறி, ஏழுமலையும் ஆறு குறி. எங்க ஊர்ப்பக்கம் ரெண்டு பேரும் தெருவுக்கு நாலு பேர் :-( இன்னொரு கொடுமை, ஒரே தலைப்புக்குக் கீழே ஒரே பேர் ரெண்டு தடவை வந்தா விண்டோஸ் முதல் வரியைத்தான் எடுத்துக்கும். அதனால 1001 குடுத்தவருக்கும் ரசீது 501ன்னுதான் வரும்.

இத்தனைக்கும் தீர்வு 1992லேயே வந்தாச்சு. கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் யூடிஎஃப்-8 உருவாக்கினாங்க. ஆங்கில எழுத்து பழையபடி ஒரு பைட், தமிழ் எழுத்துக்கு மூணு பைட், ரெண்டும் ஒரே ஃபைல்ல சண்டையில்லாம இருக்கும். தமிழக அரசு 2010ல் யூனிகோடை ஏத்துக்கிச்சு. நோட்பேட் தானா யூடிஎஃப்-8ல் சேவ் பண்ண ஆரம்பிச்சது 2019ல்தான். விண்டோஸோட பழைய ஐஎன்ஐ படிக்கிற வசதிக்கு இன்னமும் யூடிஎஃப்-8 புரியாது, யூடிஎஃப்-16ல் குடுத்தாத்தான் தமிழைச் சரியாப் படிக்கும்.

அதனால பழைய ஃபைல் ஏதாவது கைக்கு வந்தா முதல்ல ஒரு காப்பி எடுத்து வைங்க. குறிமுறையை மாத்தி மாத்திக் காட்டற எடிட்டர்ல திறந்து பாருங்க. சேவ் பட்டன் கடைசியில.

கொசுறு: லினக்ஸ்ல விசைப்பலகை அமைப்புகளும் டெக்ஸ்ட் ஃபைல்தான். இந்திய மொழிகளுக்கான ஃபைல்ல தமிழ்ப் பகுதியில, யூனிகோடுக்குப் பக்கத்துலேயே டாப், டிஸ்கி அமைப்புகளையும் யாரோ எழுதி வச்சிருக்காங்க. எந்த விசைக்கு எந்த எண்ணுன்னு வரி வரியா இருக்கும். மாமாவோட எழுத்துங்களைச் சரிபார்க்க எனக்கு அந்த ஃபைல்தான் உதவிச்சு.