சயனைட் மேட்டில் முதலில் நட வேண்டிய மரம்

கோலார் தங்க வயலின் வரலாற்றைத் தங்கத்தின் எடையில் சொல்வதே வழக்கம்: 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது வரை எண்ணூறு டன்னுக்கு மேல். அதே காலத்தில் மண் இழந்ததையும் எழுதியாக வேண்டும். 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் சுமார் 147 கி.மீ. கடந்து வரும்வரை நீராவிக் கொதிகலன்கள் விறகையும் தின்றன. சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுக்கவும் மரம்தான். வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த குடும்பங்கள் ஆழத்தில் இறங்கி வெட்டிய பாறை மாவாக அரைபட்டது. சயனைட் கரைசலில் தங்கத்தைப் பிரித்த பின் மிச்சத்தைக் கொட்டிய இடங்களில் 13 மேடுகள் எழுந்தன. ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன் பொடி. காற்றடி காலத்தில் அது தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குள் புகுகிறது. சுரங்கத்தில் தாத்தாவின் நுரையீரலைக் கெடுத்த சிலிக்கா, பேரனைத் தேடி வீட்டுக்கே வருகிறது.

சயனைட் மண்ணில் புல்லும் முளைக்காது என்பது பாதி உண்மை. வெயிலிலும் காற்றிலும் நுண்ணுயிர்களாலும் சயனைட் பெரும்பாலும் நாளடைவில் சிதைந்துவிடும். தங்கிவிடுபவை ஆர்செனிக்கும், கந்தகத் தாதுக்கள் மழையில் விடும் அமிலமும். அதைவிடப் பெரிய குறை, அந்தப் பொடியில் தழைச்சத்தோ மக்கோ மண்புழுவோ இல்லை. அதனால்தான் புங்கன், வேல், சவுக்கு போன்ற முன்னோடி மரங்கள் முதலில் போக வேண்டும் என்கிறேன். புங்கன் வேரில் ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனை பாக்டீரியா தழைச்சத்தாக மாற்றிக்கொண்டிருப்பதற்கு அந்த நிறமே சாட்சி. மரம் மட்டும் போதாது, சருகைத் தின்னவும் உயிர் வேண்டும். கென்யாவில் மொம்பாசா அருகே சிமெண்ட் ஆலைக்காகத் தோண்டிய சுண்ணாம்புக்கல் குழிகளில் 1971இல் ரெனே ஹாலர் சவுக்கு நட்டார். மரம் வளர்ந்தது, சருகு மக்காமல் குவிந்தது. மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்ட பிறகே அது எருவாயிற்று.

சீமைக்கருவேலம் தானாகவே வருமே, விட்டுவிடலாமே என்பார்கள். அதுவும் தழைச்சத்து சேர்க்கும், தூசியை அடக்கும். ஆனால் பின்னால் வரும் செடிகளுக்கு இடம் விடாது. முன்னோடியின் வேலையில் பாதி அந்த இடம் விடுதல்தான். மரம் ஆர்செனிக்கை இலைக்கு ஏற்றி ஆடுமாடுகளுக்குக் கொடுத்துவிடாதா என்ற பயம் நியாயமானது. இலையைச் சோதித்து இனத்தைத் தேர்ந்து, மேய்ச்சலையும் விறகு வெட்டையும் தடுத்தால்தான் நடலாம். கடைசி வாதம்தான் வலுவானது: 2024 ஜூனில் இந்த மேடுகளில் மறுபடி தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது, தோண்டப்போகும் மேட்டில் எதற்கு மரம்? தங்கத்தை வழித்தெடுத்த பின்னும் ஏறக்குறைய அதே எடைப் பொடி எங்காவது கிடக்கத்தான் போகிறது. ஆகவே நாற்றங்கால், மேல்மண், சில ஆண்டுப் பராமரிப்பு ஆகியவற்றின் செலவைத் தங்கம் எடுக்கும் நிறுவனத்தின் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். பதின்மூன்று மேடும் முடியட்டும் என்று காத்திராமல், முதல் மேட்டின் பொடியைக் கொட்டி முடித்ததும் வரும் மழைக்காலத்திலேயே அங்கே நடவு தொடங்க வேண்டும்.