மூலமில்லாத் தலைவி: பெண் ஷெப்பர்டின் முகங்களும் அவற்றைப் பகிர்ந்த ஆடுநரும்

கனடா நாட்டின் எட்மன்டன் நகரைச் சேர்ந்த பயோவேர் நிறுவனம் 2007 நவம்பரில் ‘மாஸ் எஃபெக்ட்’ என்னும் அறிவியல் புனைவு விளையாட்டை வெளியிட்டது. விளையாடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் சொல்லையும் செயலையும் தாமே தெரிவுசெய்து கதையை நடத்திச் செல்லும் வகையைச் சார்ந்தது அது. அதன் இரண்டாம் பகுதி 2010 ஜனவரியிலும் மூன்றாம் பகுதி 2012 மார்ச்சிலும் வந்தன. மூன்றும் ஒரே தொடர்கதையாக அமைந்தவை. 2183ஆம் ஆண்டில் தொடங்கும் அக்கதையில், ‘நார்மண்டி’ என்னும் விண்கலத்தின் தலைமையை ஏற்கும் ஷெப்பர்ட் என்ற படைத்தலைவர், ஊழிதோறும் வந்து நாகரிகங்களை அழித்துச் செல்லும் ‘ரீப்பர்’ என்னும் பேரியந்திரங்களை எதிர்த்து நிற்கிறார். ஷெப்பர்ட் ஆணா பெண்ணா என்பதைக் கதையாசிரியர்கள் முடிவு செய்யவில்லை. ஆடுநர் முடிவு செய்ய வேண்டும்.

பெண்ணைத் தெரிந்தோர் தம் ஷெப்பர்டின் முகத்தைத் தாமே வனைந்து, அதனைப் படமாக்கி, அவளது வரலாற்றுக் குறிப்புடன் பிறர்க்கு அளித்தனர். இவ்வழக்கம் 2007 தொடங்கி இன்றளவும் தொடர்கிறது. ஆங்கிலச் சொற்களிரண்டைக் குறுக்கி ‘ஃபெம்ஷெப்’ என்று அவளுக்குப் பெயரும் இட்டனர். இதனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆயினும் ஒரு பாத்திரத்திற்கு எண்ணற்ற வடிவங்கள் இருந்து, அவற்றுள் எதுவும் மூலமாக இல்லாத நிலை இதில் காணப்படுகிறது. பின்னர் ஒன்று மூலமென்று அறிவிக்கப்பட்டபோது எழுந்த பூசலும் காணப்படுகிறது. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி மூலபாடம் தேடிப் பழகிய தமிழாய்வுலகிற்கு இச்சிக்கல் முற்றிலும் அயலானதன்று.

பெயரும் பாலும்

ஷெப்பர்ட் என்னும் குடும்பப் பெயர், 1961இல் விண்வெளி சென்ற முதல் அமெரிக்கரான ஆலன் ஷெப்பர்டை நினைந்து இடப்பட்டது. இப்பெயரை ஆடுநர் மாற்ற இயலாது. முதற்பெயரை விரும்பியவாறு இடலாம். ஆனால் கதைக்குள் ஒருவரும் அதனை உச்சரிப்பதில்லை. உரையாடல் முழுவதும் முன்னரே குரற்பதிவு செய்யப்பட்டிருப்பதே காரணம். அகப்பாட்டில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்பெறாத மரபு இங்கு நினைவுக்கு வரலாம். அங்குப் பெயரின்மை உணர்வைப் பொதுமையாக்குகிறது. இங்கோ பெயர் இருக்கிறது, அழைப்பார் இல்லை. ஒப்புமையை இதற்குமேல் நீட்டுதல் பொருந்தாது.

ஒரே உரையாடலை ஆணுக்கு மார்க் மீரும் பெண்ணுக்கு ஜெனிபர் ஹேலும் பேசினர். சில இடங்கள் நீங்கலாக இருவர்க்கும் எழுதப்பட்ட சொற்கள் ஒன்றே. இதற்கு மொழியமைப்பும் இடந்தந்தது. தமிழில் தன்மை, முன்னிலை வினைகள் பால் காட்டா. படர்க்கை வினையே காட்டும். ஆங்கிலத்தில் வினை எவ்விடத்தும் பால் காட்டுவதில்லை. படர்க்கை ஒருமைப் பெயர் மட்டும் காட்டும். ஆகவே ஷெப்பர்ட் தம்மைப் பற்றிப் பேசுவதும், பிறர் அவரை நோக்கிப் பேசுவதும் இருபாற்கும் பொதுவாக நிற்க முடிந்தது. இந்தியில் ‘நான் போகிறேன்’ என்பதற்கே ஆணுக்கொன்றும் பெண்ணுக்கொன்றுமாக இரு வடிவங்கள் வேண்டும். இவ்விளையாட்டு மொழிபெயர்க்கப்பட்ட மொழிகளுள் ஒன்றான போலிஷிலும் இறந்தகால வினை தன்மையிலேயே பால் காட்டும். ஆங்கிலம் பெண் ஷெப்பர்டுக்கு அளித்த பொதுநடையை எல்லா மொழிகளும் அவ்வாறே அளித்துவிட முடியாது.

இப்பொதுநடையின் விளைவு பெரிது. ஆணுக்கென எழுதிய வீரவுரையைப் பெண்ணுக்காக மென்மைப்படுத்த எவரும் முயலவில்லை. 1996இல் ‘டூம் ரெய்டர்’ விளையாட்டில் தோன்றிய லாரா கிராஃப்ட் புகழ்பெற்ற தலைவிதான். ஆனால் அவளது முகமும் உடலும் உடையும் நிறுவனம் வரைந்து தந்தவை. விளம்பரமும் அவளது தோற்றத்தையே முன்வைத்தது. ஷெப்பர்டோ முதலில் படைத்தலைவர். பெண் என்பது அதன் பிறகு. பொதுமையால் நேர்ந்த குறையும் உண்டு. உடலசைவுகள் பலவும் இருபாற்கும் ஒன்றாக இருந்தமையால், இரண்டாம் பகுதியில் விருந்துடை அணிந்த பெண் ஷெப்பர்ட் கால்களை அகட்டி ஆணைப் போலவே அமர்வாள். ஆடுநர் இதனை நெடுங்காலம் நகைச்சுவையாகப் பேசி மகிழ்ந்தனர். சினந்தவர்களும் உண்டு.

முகம் வனைதல்

விளையாட்டின் தொடக்கத்தில் முகத்தை வனைவதற்கென ஒரு திரை உண்டு. நெற்றி, புருவம், கண், மூக்கு, வாய், தாடை எனப் பகுத்து ஒவ்வொன்றன் அளவையும் நகர்த்தி மாற்றலாம். உடலை மாற்றவியலாது, பெண் ஷெப்பர்டுகள் அனைவர்க்கும் உடல் ஒன்றே. கேசாதிபாத வருணனை இங்குக் கழுத்தோடு நின்றுவிடுகிறது. முகத்தோடு பிறப்பிடமும் வாழ்வின் திருப்பமும் தெரிவுக்குரியவை. புவியின் தெருக்களில் ஆதரவின்றி வளர்ந்தவள், மின்டுவார் என்னும் குடியேற்றத்தில் அடிமை வணிகர்களின் தாக்குதலில் குடும்பத்தை இழந்தவள், விண்கலங்களிலேயே வளர்ந்த படைவீட்டுப் பிள்ளை எனப் பிறப்பு மூன்று. அகூஸ் என்னும் கோளில் தன் குழு முழுதும் மாள ஒருத்தியாய் எஞ்சியவள், எலிசியத்தைக் காத்த வீராங்கனை, டார்ஃபானில் இரக்கமின்றி வென்றவள் எனத் திருப்பமும் மூன்று. போர்த்திற வகை ஆறு. ஆக, முகத்தைத் தொடுமுன்னரே 54 ஷெப்பர்டுகள் பிறக்கக்கூடும்.

பகிர்வோர் இவற்றை ஒழுங்குபட உரைத்தனர். முதலில் படம், பின் அவர்கள் இட்ட முதற்பெயர், பிறப்பு, திருப்பம், போர்த்திறம், அதன்பின் அவள் செய்த தெரிவுகள். விர்மைர் கோளில் ஆஷ்லி, கைடன் என்னும் இரு தோழர்களுள் ஒருவரையே காக்க முடியும். யாரைக் காத்தாள், யாரை இழந்தாள் என்பது இக்குறிப்புகளில் தவறாது இடம்பெறும். யாரைக் காதலித்தாள் என்பதும் அவ்வாறே. கதைக்குள் எவரும் அழைக்காத முதற்பெயர், இங்குத்தான் பிறரால் வாசிக்கப்பட்டது. முகத்திற்கும் கதைக்கும் காரணத் தொடர்பு கற்பித்தலே இப்பகிர்வின் உயிர்நாடி. கன்னத்துத் தழும்பு எங்ஙனம் வந்தது, முடியை ஏன் குறைத்தாள் என்பனவற்றிற்கெல்லாம் விடை விளையாட்டில் இல்லை, ஆடுநர் எழுதினர். மூலநூல் விட்ட இடைவெளியில் உரையாசிரியர் கதை சொல்லும் முறையை ஒத்தது இது.

வனைதற் கருவியின் எல்லைகளும் பகிர்வில் வெளிப்பட்டன. முதற்பகுதியில் முடிவகைகள் மிகச் சில. சுருள்முடியும் கருநிறமும் உடைய பெண்டிர் தம்மையொத்த ஷெப்பர்டை வனைய முனைந்தபோது கருவி போதிய அளவு உதவவில்லை. வனையும் திரையில் நன்றாகத் தோன்றிய முகம் கதைக்குள் வேறொளியில் வேறாகத் தெரிவதும் உண்டு. இவற்றைக் கடக்கும் உத்திகளை ஒருவர்க்கொருவர் கற்பித்தனர்.

இரண்டாம் பகுதி இவ்வழக்கிற்கு எதிர்பாராத் துணை ஒன்றை அளித்தது. ஒவ்வொரு முகத்திற்கும் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த குறியீட்டுத் தொடர் ஒன்று உண்டாயிற்று. மும்மூன்று குறிகளுக்கிடையே புள்ளியிட்டு எழுதப்படும் அதனை இன்னொருவர் தம் கருவியில் உள்ளிட்டால் அதே முகம் அங்கும் எழும். அதுவரை படமாகக் கண்டு வியந்த முகத்தை இப்போது பெற்றுக்கொள்ளவும் படியெடுக்கவும், சிறிது மாற்றித் தமதாக்கவும் முடிந்தது. சுவடி பெயர்த்தெழுதுவோர் கையில் பாடம் திரிவதுபோல முகங்கள் திரிந்தன. ஏடு பெயர்த்தெழுதுவோர் பெரும்பாலும் அறியாமல் திரித்தனர். இவர்கள் அறிந்தே திரித்தனர் என்பது வேறுபாடு. அப்பகுதியின் தொடக்கத்தில் ஷெப்பர்ட் இறந்து, ஈராண்டுக்குப்பின் மீண்டும் உருவாக்கப்படுகிறார். முகத்தை மாற்றிக்கொள்ள விரும்பிய ஆடுநர்க்குக் கதையே தந்த அனுமதி அது.

மூலம் அறிவிக்கப்பட்ட வரலாறு

ஆண் ஷெப்பர்டுக்குத் தொடக்கத்திலிருந்தே ஒரு மூலமுகம் இருந்தது. டச்சு நாட்டு விளம்பர நடிகர் மார்க் வாண்டர்லூவின் முகத்தைக் கொண்டு தனியே செதுக்கப்பட்ட அதனை வனைதற் கருவியால் எவரும் திரும்ப உண்டாக்க முடியாது. முதலிரு பகுதிகளின் மேலுறையிலும் விளம்பரத்திலும் இருந்தது அம்முகமே. பெண்ணுக்கும் இயல்புமுகம் ஒன்று தரப்பட்டிருந்தது; ஆனால் அது ஆடுநர் கையில் இருந்த அதே கருவியால் ஆனது. நிறுவனத்தின் பெண் ஷெப்பர்டுக்கும் ஆடுநர் ஒருவர் தம் வீட்டிலிருந்து வனைந்த பெண் ஷெப்பர்டுக்கும் தகுதியில் ஏற்றத்தாழ்வு இல்லாமற் போயிற்று. நிறுவனத்தின் புறக்கணிப்பு என்று இதனைக் கூறுதல் தவறன்று. அப்புறக்கணிப்பே அவளைப் பொதுவுடைமையாக்கியது என்பதையும் உடன் கூற வேண்டும்.

பெண்ணைத் தெரிவோர் 18 விழுக்காட்டினர் என 2011இல் நிறுவனத்தின் விற்பனைப் பொறுப்பாளர் தெரிவித்தார். அட்டையிலும் விளம்பரத்திலும் ஆணையே காட்டிவிட்டுப் பெண்ணைத் தெரிந்தோர் குறைவு எனக் கணக்கிடுவதில், விளைவைக் காரணமாகக் கொள்ளும் பிழை உண்டு. ஐந்தில் ஒரு பங்கினும் குறைந்த அத்தொகையினர் தம் தலைவியைப் படங்களாலும் குறிப்புகளாலும் உயிர்ப்புடன் வைத்திருந்தனர். மூன்றாம் பகுதியின் விளம்பரத்தில் அவளும் இடம்பெற வேண்டுமென வற்புறுத்தினர். நிறுவனம் இசைந்தது. விளம்பரத்திற்கு ஒற்றை முகம் தேவை. 2011 ஜூலையில் ஆறு உருவங்களை முகநூலில் வைத்து வாக்குக் கேட்டது. பொன்னிற முடியுடைய ஐந்தாம் உருவம் முன்னிலை பெற்றது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. ஆணின் முகத்திற்கு வாக்கெடுப்பு நடந்ததில்லை. உலகைக் காக்கும் படைத்தலைவியை மட்டும் அழகுப் போட்டியில் நிறுத்துவதா என்றனர் சிலர். வெண்ணிறத் தோலும் பொன்னிற முடியும் வழக்கமான விளம்பர அழகையே திரும்பக் கொணர்கின்றன என்றனர் வேறு சிலர். முடிநிறத்திற்கெனத் தனி வாக்கெடுப்பு நடத்தப்பட்டுச் செம்முடி வென்றது. 2012இல் அம்முகத்துடன் முன்னோட்டப் படமும் வெளிவந்தது. நெடுநாள் வேண்டியது கைகூடிற்று. ஆயின் வேண்டியவர்களுள் பெரும்பாலோரின் ஷெப்பர்ட் அவள் அல்லள். பெண்ணுக்கு இடமளிக்க வேண்டும் என்பதும், எந்தப் பெண்ணும் அவளாகலாம் என்பதும் அதுவரை ஒரே கோரிக்கையாகவே தோன்றின. அவை இரண்டு என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. முதலாவதை வாக்கெடுப்பு நிறைவேற்றியது. இரண்டாவதன்மேல் அதற்கு அக்கறையில்லை.

மூன்றாம் பகுதி வெளிவந்தபோது வேறோர் இடர் நேர்ந்தது. முதற்பகுதியில் வனைந்து இரண்டின் வழியே காத்துவந்த முகங்களை அது ஏற்கவில்லை. நிரற்பிழை என நிறுவனம் விளக்கி, ஏப்ரலில் திருத்தம் வழங்கியது. நடுவே, ஐந்தாண்டுகள் உடன்வந்த முகத்தை இழந்தோர் பழைய படங்களை வைத்துக்கொண்டு அளவுகளைக் கண்மதிப்பால் மீட்க முயன்றனர். பிறர்க்குக் காட்டவென எடுத்த படங்களே இப்போது மூலப்படிகளாயின. பகிரப்படாத முகங்களுக்கு இவ்வாய்ப்பும் இல்லை.

கணக்கு மாறவில்லை. 2013இல் நிறுவனம் வெளியிட்ட மூன்றாம் பகுதிப் புள்ளிவிவரத்திலும் பெண்ணைத் தெரிந்தோர் 18 விழுக்காடே. 2021 மே மாதம் மூன்று பகுதிகளும் புதுக்கப்பட்டு ஒரே தொகுப்பாக வந்தபின் அது 32 ஆயிற்று. முந்தைய ஆடுநரும் இத்தொகுப்பின் ஆடுநரும் ஒரே தொகையினர் அல்லர். ஆதலின் இவ்வுயர்வை மனமாற்றத்திற்கு நேர்ச்சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். தோல்நிறங்களும் முடிவகைகளும் இத்தொகுப்பில் பெருகின. படமெடுப்பதற்கென்றே தனி வசதியும் சேர்க்கப்பட்டது; ஆடுநர் தாமே வளர்த்த வழக்கிற்கு நிறுவனம் அளித்த ஏற்பாக அதனைக் கருதலாம். ஆண்டுதோறும் நவம்பர் 7 அன்று, ஷெப்பர்டின் கவசத்திலுள்ள ‘என்7’ என்னும் குறியை முன்னிட்டு 2012 முதல் கொண்டாடப்படும் நாளில், புதிய முகங்கள் இன்றும் வெளிவருகின்றன.

அத்தொகுப்பு வாக்கெடுப்பில் வென்ற செம்முடி முகத்தை முதற்பகுதியிலிருந்தே பெண்ணின் இயல்புமுகமாக்கியது. 2011இல் தோன்றிய முகம் 2007ஆம் ஆண்டுக் கதையின் வாயிலில் அமர்ந்தது. பாரதம் பாடிய பெருந்தேவனாரின் கடவுள் வாழ்த்துகள் தம்மினும் பழைய தொகைநூல்களின் முகப்பில் நிற்பது போன்றது இது. புதிதாக விளையாட வருபவர் தொடக்கமுதல் அவளே இருந்தாள் என எண்ணுவது இயல்பு. முந்தைய இயல்புமுகம் நீக்கப்படவில்லை. வனையும் திரையில் தெரிவுக்குரிய ஆயத்த முகங்களின் வரிசையில், அடிக்குறிப்பில் தரப்படும் பாடபேதம் போல, அதுவும் ஒன்றாக இருக்கிறது.