கண்டீசாவை இனி யார் பாடுவது?

2024 நவம்பரில் லிங்கின் பார்க் புதுப் பாடகியோட 'ஃப்ரம் ஜீரோ' ஆல்பத்தை வெளியிட்டப்போ, எங்க ஆபீஸ் வாட்ஸப் குழுவில் ரெண்டு நாள் வேலையே நடக்கல. செஸ்டர் பென்னிங்டன் 2017ல் இறந்தபோதே அந்தப் பேண்ட் முடிஞ்சுபோச்சு, இப்ப இருக்கிறது வெறும் பேருதான்னு ஒரு கட்சி. ஏசி/டிசி கதையைப் பாருங்கடான்னு இன்னொரு கட்சி. பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். அதே வருஷம் ஜூலையில் பிரையன் ஜான்சனை வச்சு 'பேக் இன் பிளாக்' வந்துட்டுது. ராக் வரலாற்றிலேயே அதிகம் விற்ற ஆல்பங்களில் அதுவும் ஒண்ணு.

நான் ரெண்டு பக்கமும் சேரல. இதே கேள்விக்கு நம்ம நாட்டிலேயே ஒரு பழைய பேண்ட் வேற மாதிரி பதில் தேடியிருக்கு. அதோட மிகப் புகழ்பெற்ற பாட்டுக்கும் எங்க மாவட்டத்துக்கும் ஒரு தொடுப்பும் உண்டு.

பேண்டின் பெயர் இந்தியன் ஓஷன். பெயர்தான் கடல், ஊர் டெல்லி. (மூணு கடலையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்தப் பெயர்மேல ஒரு உரிமை உண்டு, வச்சுக்கிடட்டும்.) கிட்டார் வாசித்த சுஸ்மித் சென்னும், தபலா வாசித்துக்கொண்டே பாடிய அஷீம் சக்ரவர்த்தியும் 1990ல் தொடங்கியது. அடுத்த வருஷம் பாஸ் கிட்டாருக்கு ராகுல் ராம் வந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், நர்மதை அணை எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர். 1994ல் டிரம்ஸுக்கு அமித் கிலாம். இந்த நாலு பேரும் சேர்ந்து 2000ல் வெளியிட்ட 'கண்டீசா'வை, முதல் சம்பளத்தில் வாங்கின ஹெட்போனில் பெங்களூர் அறையில் கேட்டேன். பாஷை புரியல. ஹிந்தி இல்லைன்னு மட்டும் தெரிஞ்சுது.

அது சிரியாக் மொழி. கேரளத்து தோமா கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் பாடும் ஒரு பழைய ஜெபம். கடவுளை மூன்று முறை 'தூயவர்' என்று அழைப்பதுதான் அதன் சாரம். தலைப்புச் சொல்லுக்கு 'தூய' என்று பொருள்; எபிரேயத்து 'கதோஷ்', அரபியின் 'குத்தூஸ்' எல்லாம் இதோட சொந்தக்காரங்க.

எங்க ஊர்த் தொடுப்பு இங்கதான் வருது. தக்கலைக்குப் பக்கம் திருவிதாங்கோட்டில் ஒரு சின்னக் கல் பள்ளி இருக்கு. அரப்பள்ளி என்பார்கள். தோமா கட்டியது ஏழரைப் பள்ளி, அதில் அரைப் பள்ளி இது என்று ஒரு விளக்கம். அரசன் இடம் கொடுத்ததால் 'அரசப் பள்ளி' என்று இன்னொன்று. கி.பி. 63 என்பது மரபு சொல்லும் கணக்கு, கல்வெட்டுச் சான்று அல்ல. இப்போது மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் கையில் இருக்கு. அதே மூன்று 'தூயவர்' ஜெபம் அந்தச் சபையின் வழிபாட்டிலும் உண்டு. ஆனா உச்சரிப்பு வேற. மேற்கு சிரியாக் மரபில் கடவுள் 'ஆலோஹோ', கிழக்கு சிரியாக்கில் 'ஆலாஹா'. இந்தியன் ஓஷன் பாடுவது 'ஆலாஹா'.

ஒரு உயிரெழுத்து வித்தியாசம்தானேன்னு தோணும். இதுக்குள்ள ஒரு பெரிய பிளவே இருக்கு. 1653ல் மட்டாஞ்சேரியில் போர்த்துக்கீசியப் பாதிரிமாருக்கு எதிரா கூனன் குரிசு சத்தியம் நடந்தது. பிறகு 1665ல் மேற்கு சிரியாக் மரபைச் சேர்ந்த மார் கிரிகோரியோஸ் என்ற ஆயர் வந்தார். அவரை ஏற்றுக்கொண்ட பிரிவு கொஞ்சம் கொஞ்சமாக அந்த மரபுக்கு மாறியது. ரோமோடு நின்ற பிரிவு பழைய கிழக்கு மரபை வைத்துக்கொண்டது. அதாவது டெல்லி ராக் பேண்ட் பாடுவது, பிளவுக்கு முன்னால் மலபார்க் கரை முழுக்கப் புழங்கிய உச்சரிப்பு. எத்தனை தொண்டை மாறி வந்திருக்கும் இந்தப் பாட்டு, யோசிச்சுப் பாருங்க.

இனி பாடகர் விஷயம். 2009 அக்டோபர் கடைசியில் கத்தார் போயிருந்தபோது அஷீமுக்கு மாரடைப்பு. டிசம்பர் 25ல் டெல்லியில் இறந்தார். வயது 52. அடுத்த ஆல்பம் அதுக்கு முன்னாடியே பதிவாகியிருந்தது. 2010 ஜூலையிலிருந்து மாசத்துக்கு ஒரு பாட்டு வீதம், ஏழு பாட்டையும் இணையத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். பெயர் '16/330 கஜூர் ரோடு'. கரோல் பாக்கில் அவர்கள் வருஷக்கணக்கா ஒத்திகை பார்த்த பழைய பங்களாவின் விலாசம் அது. இறந்தவரின் குரல் ஏழு மாசம் தவணை முறையில் வந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த மாசங்களில் டவுன்லோட் பண்ணவே மனசு கூசும், ஆனா பண்ணுவேன்.

அஷீமின் இடத்துக்கு ஒருத்தர் வரவில்லை, ரெண்டு பேர் வந்தார்கள். பாட ஹிமான்ஷு ஜோஷி, தபலாவுக்கு துஹீன் சக்ரவர்த்தி. ஏசி/டிசியோடு ஒப்பிடுறவங்க கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பான் ஸ்காட் போனால் ஒரு மைக் காலி, அவ்வளவுதான். அஷீம் போனபோது காலியானது, கையும் தொண்டையும் ஒரே உடம்பில் இருந்த ஒரு முறை. தபலா வாசிக்கிறவனே பாடினால் மூச்சு எடுக்கும் இடத்தில் கை தானாகக் கொஞ்சம் இளகும், சொல் விழும் இடத்தில் அடி விழும். அதை ரெண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத்தான் வாசிக்கணும்.

இது புரியணும்னா எங்க ஊர் கொடைக்கு வந்து வில்லுப்பாட்டு கேளுங்க. முன்னால் இருந்து பாடுகிற புலவர் கையில்தான் வீசுகோல். கதை சூடு பிடிக்கும்போது குரல் ஏறுமா, வீசுகோல் வேகம் ஏறுமா, எது முன்னால்னு சொல்லவே முடியாது. குடமும் உடுக்கையும் அவர் முகத்தைப் பார்த்துப் போகும். அந்தப் புலவர் காலமானால் குழு கலையணும்னு இல்லை. பக்கப்பாட்டு பாடினவரோ மகனோ முன்னால் வந்து உட்காருவார். சுடலைமாடன் கதை நிற்காது. ஆனா "பழைய ஆளு மாதிரி வருமாடே?" என்ற கேள்வியும் பத்து வருஷத்துக்குப் போகாது.

இந்தியன் ஓஷனிலும் போகவில்லை. போதாக்குறைக்கு 2013ல் சுஸ்மித் சென்னும் விலகினார். அவரிடம் படித்த நிகில் ராவ் கிட்டாருக்கு வந்தார். தொடங்கிய ரெண்டு பேரும் இல்லாத பேண்ட், 2014ல் 'தந்தனு' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு விருந்தாளி: சுபா முத்கல், சங்கர் மகாதேவன், விஸ்வ மோகன் பட், வயலின் குமரேஷ், கஞ்சிரா செல்வகணேஷ் என்று பெரிய பந்தி. என் கணிப்பில் இது ஒரு தந்திரம். புதுப் பாடகரையும் பழைய பாடகரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நமக்கு நேரமே கொடுக்கவில்லை. நல்ல தந்திரம்தான், குறை சொல்லல. ஆனா ஹிமான்ஷு யார் என்று அந்த ஆல்பத்தில் எனக்குப் பிடிபடவே இல்லை.

பிடிபட்டது 2023ல் வந்த 'தூ ஹை'யில். ஒன்பது வருஷ இடைவெளி. அதுக்குள்ள அஞ்சு பேரும் நூற்றுக்கணக்கான மேடை பார்த்தாச்சு. ஹிமான்ஷு குரல் அஷீமைவிட மெல்லிசு, சுத்தம். அஷீமிடம் இருந்த மண்ணும் கரகரப்பும் இதில் இல்லை. அதை ஈடுகட்ட அவர் முயலவும் இல்லை, பாரத்தை ராகுல் ராமின் கனத்த குரலோடு பங்கு போட்டுக்கொள்கிறார். லிங்கின் பார்க் ரசிகர்கள் எமிலி ஆம்ஸ்ட்ராங்கிடம் செஸ்டரின் அலறலை எதிர்பார்க்கிறார்கள், அவரும் கொடுக்கிறார். அந்தப் பேரம் இங்கே கிடையாது.

அஷீமின் 'கண்டீசா'தான் எனக்கு இன்னும் பெருசு, அதில் சமரசம் இல்லை. ஆனா புது அணி அதை மேடையில் பாடும் பதிவுகளை வரிசையாகக் கேட்டுக் குறிப்பு எடுத்தபோது ஒண்ணு கவனிச்சேன். பாதிப் பாட்டுக்கு மேல் கூட்டமே பாட ஆரம்பிச்சிருது. சிரியாக் என்றால் என்னன்னே தெரியாத கல்லூரிப் பிள்ளைகள், 'ஆலாஹா'வின் அந்தப் பழைய நெடிலை சரியா நீட்டிப் பாடுது.