கோப்பதற்கும் ஓர் எல்லை

உப்பளங்கள் சூழ்ந்த ஆறுமுகநேரியில் நமது கல்லூரி வளரும்போதெல்லாம், கணினிகளை இணைக்கும் பழைய சுவிட்சோடு புதியதொன்றைக் கோத்துவிடுவதே வழக்கம். இக்கோவைக்கு எல்லை உண்டோ என வினவினால், வரலாறு உண்டு என்கிறது.

சுவிட்சுகளிடையே வளையம் அமைந்துவிட்டால், செய்தி ஓயாது சுழன்று வலையமைப்பையே முடக்கும். இதைத் தடுக்க ரேடியா பெர்ல்மன் 1985இல் ஒரு நெறிமுறை வகுத்தார். அதன்படி, அன்று பிரிட்ஜ் எனப்பட்ட அக்கருவிகள் தமக்குள் ஒன்றை வேராகக் கொண்டு, மிகையான இணைப்புகளை அடைத்து, மரமாகக் கிளைக்கும். ஜாய்ஸ் கில்மரின் ‘மரங்கள்’ கவிதையை அடியொற்றி அவர் இதற்கொரு கவிதையும் எழுதினார் என்பது இலக்கிய அன்பர்க்கு இனிக்கும்.

1990இல் இந்நெறி 802.1டி எனத் தரப்படுத்தப்பட்டது. வேரின் செய்தி 2 நொடிக்கு ஒருமுறை புறப்படும். 20 நொடி வரை புதுப்பிக்கப்படாவிடில் காலாவதியாகும். இரு முனைகளுக்கிடையே 7 சுவிட்சுகளுக்கு மேற்படாது எனக் கொண்டே இக்கணக்கு அமைந்தது.

பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் அவ்வெல்லை மீறப்பட்டிருந்தது. 2002 நவம்பரில் தரவுச் சுமை மிகுந்தபோது வலையமைப்பு நிலைகுலைந்தது. சில நாட்கள் மருத்துவர்கள் காகிதத்தையே நம்ப நேர்ந்தது.

கோப்பவர் ஒவ்வொருவரும் ஒரு கண்ணியை மட்டுமே சேர்க்கிறார். மொத்தத்தை எண்ணுவார் இல்லை. அடுத்ததைக் கோப்பதற்கு முன் நாமேனும் எண்ணிவிடுவோம்.