கைவினை கற்ற ஆசிரியர்கள்

புதியதொரு பாடத்தை ஏட்டில் எழுதிவிடுதல் எளிது. அதனை வகுப்பறையில் நடத்திக் காட்ட வேண்டியவர் ஆசிரியர். தாம் செய்து பழகாத ஒன்றை அவர் எங்ஙனம் கற்பிக்க இயலும்? இவ்வினாவுக்கு விடை கண்ட முன்னோடிகள் வட ஐரோப்பாவில் தோன்றினர்.

பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்னும் அறிஞர், கைவினையும் பொதுக்கல்வியின் ஓர் அங்கமே என வாதாடினார். 1866-ஆம் ஆண்டு அரசாணை அதற்குப் பள்ளிகளில் இடமளித்தது. ‘ஸ்லாய்டு’ எனப்பட்ட அக்கல்வியை அறிய, 1877-இல் அவரைச் சென்று கண்டார் சுவீடன் நாட்டு ஓட்டோ சாலமன்.

நேஸ் என்னுமிடத்தில் சாலமன் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி நடத்தினார். தச்சர்களை உருவாக்குவது அவர் நோக்கமன்று. கையின் வழியே அறிவையும் ஒழுங்கையும் வளர்ப்பதே நோக்கம். ஆதலின், கைதேர்ந்த தச்சரைவிடப் பயிற்சி பெற்ற ஆசிரியரே இதற்கு ஏற்றவர் என்றார். பல நாட்டு ஆசிரியர்கள் அங்கே மாணவர்களாயினர்; கத்தி பிடித்து மரம் சீவுவதில் தொடங்கி, படிப்படியாக அரிய பொருள்களைச் செய்தனர். மாணவன் செய்யும் பொருளில் ஆசிரியர் கைவைத்துத் திருத்தலாகாது என்பதும் சாலமன் வகுத்த விதி. 1907-இல் அவர் மறைந்தார்.

இம்முறையில் ஒரு குறையும் இருந்தது. மாதிரியைப் பார்த்து அவ்வாறே செய்வதுதான் மாணவன் பணி. ‘இப்பொருள் ஏன் இவ்வடிவில் இருக்க வேண்டும்?’ என்று அவன் ஆராய வாய்ப்புக் குறைவு. பொறியியல் வடிவமைப்போ அவ்வினாவிலேதான் தொடங்குகிறது. தேவை இன்னது, கிடைக்கும் பொருள் இவ்வளவு என்பதே அங்குத் தரப்படும். திட்டமிட்டு, செய்து, சோதித்து, தவறின் மீண்டும் திருத்துவது மாணவன் பொறுப்பு.

1888-இல் குஸ்தாவ் லார்சன் ஸ்லாய்டு கல்வியை அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கொண்டு சென்று, ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அந்நகரைத் தலைநகராகக் கொண்ட மாசச்சூசெட்ஸ் மாநிலம் 2001-இல் வெளியிட்ட பாடத்திட்டத்தில் பொறியியலையும் சேர்த்தது. பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகம் 2003-இல் தொடக்கப் பள்ளிகளுக்கான பொறியியல் பாடங்களை உருவாக்கத் தொடங்கியது. காற்றாலை, நீர் வடிகட்டி போன்றவற்றை மாணவர் வடிவமைக்குமுன், பயிற்சி வகுப்பில் ஆசிரியர்களே அவற்றைச் செய்து பார்த்தனர்.

வடிகட்டியில் நீர் கலங்கலாகவே வரும்போது ஆசிரியரும் சற்றுத் திகைப்பார். ‘மணலை மாற்றுவோமா, அடுக்கை மாற்றுவோமா?’ என்று எண்ணத் தொடங்குவார். அத்திகைப்பைத் தாமே அறிந்தவர்தாம், மாணவன் திகைத்து நிற்கும்போது விடையைச் சொல்லிவிடாமல் பொறுமையோடு காத்திருப்பார். உங்களில் நாளை ஆசிரியராகப் போகிறவர்கள் இதனை நெஞ்சில் இருத்துக.