இதயம் எழுதி வைக்கும் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன்பு கிள்ளானில் வசிக்கும் என் தந்தையாருக்கு இருதய அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தது. அதற்கு முன் எடுத்த இ.சி.ஜி. தாளைப் பார்த்த மருத்துவர், “ஐயாவுக்கு முன்பே ஒரு முறை மாரடைப்பு வந்து போயிருக்கிறது” என்றார். நாங்கள் திகைத்துப் போனோம். அப்பாவோ சற்று யோசித்துவிட்டு, “ஒரு தீபாவளி சமயம் வாயுத் தொல்லை என்று இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேனே, அதுவாக இருக்குமோ?” என்றார். அவர் மறந்ததை அந்தத் தாள் மறக்கவில்லை. அன்று முதல் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

மனித இதயத்தின் மின்னோட்டத்தை 1887இல் இலண்டனில் முதன்முதலாகப் பதிவு செய்தவர் அகஸ்டஸ் வாலர். அதைத் துல்லியமாக வரையும் கருவியை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லைடன் நகரில் உருவாக்கியவர் வில்லெம் ஐந்தோவன். இவர் 1860இல் பிறந்தது நமது அண்டை மண்ணான ஜாவாவின் செமாராங் நகரில் என்பது பலரும் அறியாத செய்தி. அவருடைய கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. இயக்க ஐவர் தேவைப்பட்டனர். நோயாளி இரு கைகளையும் இடது காலையும் உப்பு நீரில் அமிழ்த்தி அமர வேண்டும். கருவியை நகர்த்த முடியாததால், 1905இல் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக இதயத் துடிப்பை வரவழைத்தார். 1924இல் நோபல் பரிசு பெற்றார்.

அறுவைக்கு முன் இத்தாள் எதற்கு? மாரடைப்பில் இறந்த தசை மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் ‘கியூ’ எனும் அலை ஆழமாகவும் அகலமாகவும் விழுகிறது. பல ஆண்டுகள் கழிந்தும் அத்தழும்பு தெரியலாம். 1977இல் அமெரிக்க மருத்துவர் கோல்ட்மன் குழுவினர், இதயம் சாராத அறுவை செய்துகொண்ட 1,001 பேரை ஆராய்ந்தனர். ஆறு மாதத்திற்குள் வந்த மாரடைப்பும், இ.சி.ஜி.யில் தெரியும் சீரற்ற துடிப்பும் ஆபத்தைக் கூட்டுவதைக் கண்டு, மதிப்பெண் முறை ஒன்றை வகுத்தனர். இதய அறுவைக்கென 1999இல் ஐரோப்பாவில் வெளியான யூரோஸ்கோர் முறையும் 90 நாள்களுக்குள் வந்த மாரடைப்பைக் கணக்கில் கொண்டது.

நம் நாட்டிலும் இத்துறை வளர்ந்தது. 1989இல் அன்றைய பிரதமர் மகாதீர், வெளிநாடு செல்லாமல் கோலாலம்பூர் மருத்துவமனையிலேயே டாக்டர் யாஹ்யா அவாங்கிடம் இதய அறுவை செய்துகொண்டார். 1992இல் தேசிய இருதயக் கழகம் தோன்றியது.

ஆயினும் இ.சி.ஜி. எல்லாவற்றையும் சொல்லிவிடாது. தாள் சீராக இருந்தும் இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம். எனவேதான் எக்கோ, ஆஞ்சியோகிராம் சோதனைகளும் தேவைப்படுகின்றன.

பெற்றோர்களே, நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலியின்றியே வந்து போகலாம். நம் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு எத்தனை? நெஞ்சில் பாரம், மூச்சுத் திணறல், காரணமற்ற வியர்வை தோன்றினால் ‘வாயு’ என்று ஒதுக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பழைய இ.சி.ஜி. தாளின் நகலையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தோடு பத்திரப்படுத்துங்கள். அச்சு மங்கிவிடும் என்பதால் நகல் அவசியம். புதிய தாளை ஒப்பிட மருத்துவருக்கு அது பெரிதும் உதவும்.

அப்பா இன்று நலமாக இருக்கிறார். இஞ்சித் தண்ணீரும் குடிக்கிறார். ஆனால், உடம்புக்கு ஏதேனும் என்றால் முதலில் எங்களிடம் சொல்லிவிடுகிறார்.